பின்பக்கம் முந்திக்கொண்டபோது

ரேஸ் டிராக்கில் நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் வலப்பக்கம் மடங்கும் ஒரு வளைவு. பிரேக்கை மிதித்தேன், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினேன். அடுத்து நினைவிருப்பது, நான் வந்த பாதையை முன் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்ததுதான். வண்டி அரைச் சுற்று சுற்றி, பின்பக்கமாகவே புல்தரைக்குள் போய் நின்றது. அடி எதுவும் படவில்லை. இஞ்சின் அணைந்துபோய், டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

முதல் தடவை என் கால் மீது பழி போட்டேன். பதற்றத்தில் அழுத்தி மிதித்திருப்பேன் என்று. இரண்டாவது தடவையும் அதே இடம். மூன்றாவது தடவை வளைவே இல்லை. நேர்ப்பாதையில், தரை லேசாக மேடு தட்டும் இடத்தில் பிரேக் பிடித்ததற்கே வால் ஆட ஆரம்பித்தது. சரி, இது காலின் குற்றம் இல்லை.

வண்டி முன் சக்கரத்தில் ஓடும் பழைய ஹேட்ச்பேக். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் ஏற்பாடு) எல்லாம் வருவதற்கு முந்தைய தலைமுறை. டிராக்கில் ஓட்டுவதற்கென்றே வாங்கி, எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்திருந்தேன்: பின் சீட்டு, தரைவிரிப்பு, ஸ்டெப்னி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன், வண்டியை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டேன், நன்றாக ஒட்டும் டயர் போட்டேன். பிரேக்கில் கையே வைக்கவில்லை. அதனால்தான் பிரேக்கைச் சந்தேகப்பட எனக்கு வெகுநாள் ஆனது. டயர் காற்று, பின் சக்கரங்களின் டோ (அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்), ஷாக் அப்சார்பர் என்று மூன்று வாரம் சுற்றி வந்தேன்.

கடைசியில் என் வண்டியை அவ்வப்போது பார்த்துத் தரும் மெக்கானிக் அண்ணன்தான் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். படுத்தபடியே கேட்டார்: "தம்பி, பின்னாடி என்ன வெயிட்டு இருக்கு இப்ப?"

"ஒண்ணுமில்லைண்ணே, எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"அது உனக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியலியே. பின்னாடி மூணு பேரு உக்காந்து டிக்கி முழுக்க சாமான் இருக்குன்னு அது நினைச்சிட்டிருக்கு. வந்து பாரு."

பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கு மேலே பாடியில் கைப்பிடி அளவில் ஒரு வால்வு. அதிலிருந்து நீளும் ஒரு நெம்புகோல், அதன் முனையிலிருந்து ஒரு ஸ்பிரிங் ஆக்சிலுக்கு. லோடு சென்சிங் வால்வு என்பார்கள். பின்னால் ஆளும் சாமானும் ஏறினால் பாடி ஆக்சிலை நோக்கி இறங்கும், நெம்புகோல் நகரும், வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். காலி வண்டியில் பாடி உயர்ந்து நிற்கும், அப்போது அழுத்தத்தைக் குறைத்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் பாடி இறங்கியது சுமையாலா, குட்டையான ஸ்பிரிங்காலா என்று அந்த நெம்புகோலுக்கு எப்படித் தெரியும்? நான் பின்பக்கத்து எடையைக் குறைத்தேன். அதே கையோடு, பின் பிரேக்கை முழுச் சுமைக்கான அழுத்தத்துக்குத் திறந்தும் விட்டேன். பிரேக்கில் கை வைக்காமலே பிரேக்கை மாற்றியிருந்தேன்.

அன்று அண்ணன் ஆக்சில் பக்கத்துப் பிராக்கெட்டை 40 மி.மீ. தள்ளிப் பிடிக்கிற மாதிரி ஒரு பட்டையை வெட்டி வைத்துக் கொடுத்தார். வால் ஆடுவது நின்றது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கணக்கு பிடித்துவிட்டது.

பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாய்கிறது என்பதற்கு ஒரே ஒரு வரிக் கணக்கு: மொத்த எடையை வேகக்குறைப்பால் (புவியீர்ப்பு முடுக்கத்தை 1 ஜி என்று வைத்து அளப்பது) பெருக்கி, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, வீல்பேஸால் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்) வகுக்க வேண்டும். வசதிக்காக எண்களை உருட்டிக்கொள்கிறேன். ஆளோடு சேர்த்து 1000 கிலோ, நிற்கும்போது முன்னால் 600, பின்னால் 400. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில், வீல்பேஸ் 2.5 மீட்டர். நல்ல டயரில் 1.1 ஜி அளவுக்கு பிரேக் பிடித்தால் 220 கிலோ முன்னால் போகும். முன் சக்கரங்களில் 820, பின் சக்கரங்களில் வெறும் 180. நனைந்த தரையில் 0.5 ஜிக்கு மேல் பிடிக்க முடியவில்லை என்றால் 100 கிலோதான் நகரும், 700க்கு 300.

டயர் தன் மேல் இருக்கும் எடைக்குத் தக்கபடிதான் தரையைப் பிடிக்கும். ஆகவே காய்ந்த தரையில் பிரேக் வேலையை 82க்கு 18 என்று பிரித்தால் நான்கு டயரும் ஒரே நேரத்தில் முழுப் பலத்தையும் கொடுக்கும். ஈரத்தில் 70க்கு 30. சரியான விகிதம் என்று ஒன்றைக் கண்டுபிடித்துப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது. எவ்வளவு பிடிக்கிறோமோ அதைப் பொறுத்து அது நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் கடினம் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? கெட்டியான முன் ஸ்பிரிங் போட்டால் மூக்கு இறங்குவது குறையும், எடை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதும் மாறும். கடைசியில் நகர்ந்து நிற்கும் எடை அதேதான். "முன்னாடி கட்டி ஸ்பிரிங் போட்டா வெயிட் டிரான்ஸ்ஃபர் கொறையும்" என்று பிட்டில் (டிராக் ஓரம் வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) இன்றைக்கும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை.

இரண்டு தப்பில் எது தேவலை என்ற கேள்விக்கு மட்டும் மறுபேச்சில்லை. முன் சக்கரம் லாக் ஆனால், அதாவது சுற்றாமல் சறுக்கினால், வண்டி திரும்பாது. நேராகப் போய் மணலில் இறங்கும். காலைத் தளர்த்தினால் ஸ்டியரிங் திரும்ப வரும். பின் சக்கரம் லாக் ஆனால் பக்கவாட்டுப் பிடிப்பு அங்கே அறவே போய்விடும், பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குப் பெரும்பாலானோருக்குக் கை வேகமில்லை. அதனால்தான் ஐ.நா.வின் ஆர்13-எச் பிரேக் விதி, 0.15 முதல் 0.8 ஜி வரையான வேகக்குறைப்பில் பின் ஆக்சில் முன் ஆக்சிலுக்கு முந்தி லாக் ஆகவே கூடாது என்கிறது. கம்பெனிக்காரர்கள் பின் பிரேக்கில் கஞ்சத்தனம் காட்டுவதற்கு இதுதான் காரணம். அந்தக் கஞ்சத்தனத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்குவதுதான் டிராக் வண்டியில் நாம் செய்யும் வேலை.

அடுத்து நான் செய்தது ஒரு சுத்தமான முட்டாள்தனம். நான்கு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் வாங்கி முன்னால் மாட்டினேன். சக்கரத்தோடு சுற்றும் தட்டுதான் டிஸ்க்; பிஸ்டனால் பேடுகளை அழுத்தி அதை இரு பக்கமும் கவ்வுவது காலிப்பர்.

பழைய காலிப்பர் ஒற்றை பிஸ்டன், 54 மி.மீ. விட்டம். பரப்பு 2290 சதுர மி.மீ. புதியதில் பக்கத்துக்கு இரண்டு பிஸ்டன், 42 மற்றும் 38 மி.மீ. எதிரெதிராக பிஸ்டன் இருக்கும் காலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மறுபக்கம் எதிர்விசைதான், ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் அதை நகரும் உடல் செய்கிறது. நான்கையும் கூட்டி "ரெட்டிப்பு பிரேக்" என்று துள்ளிக் குதிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நானும் குதித்தவன்தான். ஒரு பக்கக் கணக்கு 2520. பத்து சதவீதம் கூட, அவ்வளவே. டிஸ்க் 256லிருந்து 300 மி.மீ. ஆனதில் பேடு பிடிக்கும் சராசரி ஆரம் 105லிருந்து 127க்குப் போனது, அது 21 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் முன் பிரேக் 33 சதவீதம் கூடியிருக்கிறது. பின்னால் எதுவும் மாறவில்லை. 82க்கு 18 என்று இருந்தது 86க்கு 14 ஆகிவிட்டது.

அதனால் என்ன? முன் டயர்கள் தங்கள் எல்லையைத் தொடும்போது பின் டயர்கள் தங்கள் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்காமலே தூங்கிக்கொண்டிருக்கும். அதே 1.1 பிடிப்புள்ள டயரில், லாக் ஆகாமல் கிடைக்கும் வேகக்குறைப்பு 1.1 ஜியிலிருந்து 1.03க்கு இறங்குகிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 36 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 38 மீட்டரில் நிற்கும். காசு கொடுத்து நிற்கும் தூரத்தை இரண்டு மீட்டர் கூட்டிக்கொண்டிருக்கிறேன்! இதில் வேடிக்கை, ஓட்டும்போது பிரேக் பிரமாதமாகிவிட்டது போலவே இருந்தது. தொட்டதும் சுருக்கென்று பிடிக்கும் பிரேக்கைத்தான் நல்ல பிரேக் என்று உடம்பு நம்புகிறது. லாப் டைமர்தான் காட்டிக்கொடுத்தது.

பெரிய பிரேக் வீண் என்று சொல்லவில்லை. அது வெப்பத்துக்கான மருந்து. பத்து சுற்று ஓட்டினாலும் பேடு கருகாமல், பிரேக் ஆயில் கொதிக்காமல் இருக்க அது வேண்டும். நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயரும் இந்தப் பங்கீடும்.

சரி, பின் பிரேக்கைக் கூட்டியாக வேண்டும். முதலில் கை வைக்க வேண்டியது பேடில்தான் என்று இப்போது சொல்வேன். சாலைப் பேடின் உராய்வு எண் 0.35, 0.4 என்ற அளவில் இருக்கும். டிராக் பேடில் 0.5, அதற்கு மேலும்கூடக் கிடைக்கும். பின்னால் மட்டும் ஒரு படி மேலே போனாலே விகிதம் இரண்டு மூன்று புள்ளி நகரும், பைப்பைத் தொட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்கு இவ்வளவு பொறுமை இல்லை. டேஷ்போர்டில் திருகுகிற மாதிரி ஒரு குமிழ் வேண்டும் என்று ஆசை.

எல்லோரும் பரிந்துரைப்பது டில்டன், வில்வுட் போன்ற பிரேக் கம்பெனிகள் விற்கும் சரிசெய்யக்கூடிய புரோப்போர்ஷனிங் வால்வு. பின் பிரேக் பைப்பின் நடுவே வைப்பது. அது பின் அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. அதுவும் குறிப்பிட்ட ஒரு அழுத்தத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். அது வரை முன்னும் பின்னும் ஒன்றாகவே ஏறும். அதாவது பின்பக்கம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும் வண்டிக்குத்தான் பயன். என் நிலைமை நேர் எதிர். பழைய லோடு சென்சிங் வால்வைத் தூக்கிவிட்டு இதை வைத்தால் சரியாக வரும்தான், ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது.

என் வண்டியில் பிரேக் பைப்புகள் குறுக்காகப் பிரிகின்றன. முன் இடதும் பின் வலதும் ஒரு சர்க்யூட், முன் வலதும் பின் இடதும் இன்னொன்று. முன் சக்கர ஓட்ட வண்டிகளில் இது சாதாரணம். ஒரு பைப் வெடித்தாலும் ஒரு முன் பிரேக் மிஞ்சும். இதில் இரண்டு பின் பைப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வால்வு வழியாக விட்டால் இரண்டு சர்க்யூட்டும் ஒன்றாகிவிடும். எங்கே ஒழுகினாலும் பெடல் முழுதாகத் தரையைத் தொடும். பிட்டில் பார்த்த ஒரு வண்டியில் அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவரிடம் சொன்னேன். "இது வரைக்கும் ஒண்ணும் ஆவலியே சார்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது.

ஏபிஎஸ் உள்ள வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. புதிய வண்டிகளில் இந்த வால்வு வேலையை இபிடி என்ற மென்பொருள்தான் செய்கிறது. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் அங்கே அழுத்தத்தை நிறுத்திப் பிடிக்கும். அதை நம்பி, பல வண்டிகளில் இரும்பு வால்வே வைக்க மாட்டார்கள். "டிராக் வண்டிக்கு ஏபிஎஸ் எதுக்கு" என்று ஃப்யூஸைப் பிடுங்கினால் இபிடியும் சேர்ந்தே போகும். பின் பிரேக் கட்டவிழ்த்த காளைதான்.

கடைசியில் பழைய லோடு சென்சிங் வால்வைத் தூக்கிவிட்டு, பெடல் பாக்ஸையே மாற்றினேன். ஒரே பெடல், இரண்டு மாஸ்டர் சிலிண்டர் (காலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றுவது), ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. நடுவில் பேலன்ஸ் பார். ஒரு கம்பின் இரு முனையிலும் சுமையைக் கட்டித் தோளில் தூக்குகிறவர், தோளை ஒரு பக்கமாக நகர்த்தினால் அந்தப் பக்கத்துச் சுமையை அதிகமாக ஏற்றலாம் இல்லையா, அதே சங்கதி. கால் தரும் விசை தோள். மரை போட்ட கம்பியைத் திருக, தோள் ஒரு சிலிண்டரை நோக்கி நகரும். வால்வு போல ஒரு அழுத்தத்துக்குப் பிறகு மட்டும் என்றில்லை, மிதித்த நொடியிலிருந்தே விகிதம் மாறும்.

பாரை ஒரு ஓரத்துக்குத் திருகி வைத்து ஓட்டக் கூடாது, வளைந்து சிக்கும். பெரிய வித்தியாசத்தைச் சிலிண்டரின் அளவில் எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பாருக்கு விட வேண்டும். முன்னுக்கு 15.9 மி.மீ., பின்னுக்கு 17.8 மி.மீ. வைத்தேன். அதே விசைக்குப் பெரிய சிலிண்டரில் அழுத்தம் குறையும், இந்த ஜோடியில் 20 சதவீதம். காலுக்குத் துணையாக விசை தரும் பூஸ்டர் போய்விட்டதால் முதல் நாள் பெடல் கல் மாதிரி இருந்தது. பிரேக்கே செத்துவிட்டதோ என்று பயந்தேன். இரண்டு நாளில் கால் பழகிவிட்டது. சாலையில் ஓட்டும் வண்டிக்கு இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

செட் பண்ணிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆளில்லாத, சமமான, நீளமான தார்த் தரை. நான்கு டயரின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு, சக்கரம் நின்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று. நண்பன் தள்ளி நின்று மொபைலில் ஸ்லோமோஷனில் எடுக்கிறான். பிரேக்கைச் சூடாக்க முதலில் ஏழெட்டு தடவை பிடித்துவிட்டேன். பாரை நன்றாக முன்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு, 70 கி.மீ. வேகத்தில் வந்து, கிளட்சை மிதித்துவிட்டு, லாக் ஆகும் வரை அழுத்தினேன்.

"முன்னாடி!" என்று கத்தினான்.

அரைச் சுற்று பின்னுக்கு. "முன்னாடி!" இன்னும் அரை. "முன்னாடிதான் மாப்ள, ஆனா இப்ப ரொம்ப நேரம் தாங்குது." அடுத்த அரைச் சுற்றில் அவன் ஒன்றும் கத்தவில்லை, நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டான். வீடியோவில் பின் இடது சக்கரத்தின் வெள்ளைக் கோடு அசையாமல் நின்றது, முன் சக்கரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு முழுச் சுற்று முன்னுக்குத் திருப்பி வைத்தேன். நண்பன் அரைச் சுற்று போதும் என்றான். நேர்த் தரையில் போதும்தான். ஆனால் டிராக்கில் பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைகிறோம்; பின் டயர் அப்போது பக்கவாட்டு வேலையும் பார்க்கிறது, நிறுத்தும் வேலைக்கு மிச்சம் குறைவு. கிளட்சை விட்டு ஒரு தடவையும் பிடித்துப் பார்த்தேன், முன் சக்கர ஓட்டத்தில் இஞ்சின் பிரேக்கிங்கும் முன் கணக்கிலேயே சேரும் என்பதால்.

இவ்வளவு செய்தும் முதல் இரண்டு சுற்றில் ஒரு வண்டி, பத்தாவது சுற்றில் இன்னொரு வண்டி. டிஸ்க் ஓரத்தில் பூசும் வெப்ப பெயின்ட் வாங்கித் தடவினேன். பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560ல், சிவப்பு 610ல். இறங்கிப் பார்த்தால் முன் டிஸ்க்கில் ஆரஞ்சு மாறியிருந்தது. பின் டிஸ்க்கில் பச்சைகூட மாறாமல் பளிச்சென்று இருந்தது. முன்னும் பின்னும் ஒரே ரேஸ் பேடு போட்டிருந்தேன், ஜோடி பொருத்தமாக இருக்கட்டும் என்று. அந்தப் பேடு பின்னால் ஒருநாளும் தனக்கு வேண்டிய சூட்டைத் தொடவே இல்லை. பின்பக்கத்துக்குக் குறைந்த சூட்டிலேயே பிடிக்கும் பேடு மாற்றி, மறுபடி சாக்பீஸ், மறுபடி தார்த் தரை. கடைசிச் சுற்றுகளில் முன் பேடு சோர்ந்தால் விகிதம் தானாகப் பின்பக்கம் நகரும் என்பதை இப்போது காலே சொல்லிவிடுகிறது. அப்போது குமிழில் கால் சுற்று முன்னுக்கு.

குமிழ் இருப்பதில் ஒரு ஆபத்து, அதை மறந்துவிடலாம். ஒரு நாள் காலை மழை. முன்பே பார்த்த கணக்குப்படி ஈரத்தில் பின்பக்கத்துக்குக் கூடுதல் பங்கு தரலாம். மூன்று சுற்று பின்னுக்குத் திருகி ஓட்டினேன், அருமையாக நின்றது. பத்து மணிக்கு வெயில் வந்தது. தரை காய்ந்தது. நானும் தண்ணீர் குடித்துவிட்டு, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதே நேர்ப்பாதை, வலப்பக்கம் மடங்கும் அதே வளைவு. மறுபடியும் வந்த பாதையை முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

2021 அஜர்பைஜான் கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 பந்தயத்தில் சிவப்புக் கொடிக்குப் பிறகு இரண்டே சுற்றுக்கான மறு தொடக்கம். இரண்டாம் இடத்தில் நின்ற லூயிஸ் ஹாமில்டனின் கை, முன் பிரேக்கைச் சூடாக்குவதற்காகப் பங்கீட்டை முன்பக்கம் தள்ளும் பொத்தானில் தவறிப் பட்டது. முதல் வளைவில் முன் டயர்கள் லாக் ஆகி நேராகப் போனார், 15ஆவதாக முடித்தார். புல்தரையில் உட்கார்ந்து டயருக்குள் புகுந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த ஞாபகம்தான் வந்தது. அவருக்காவது முன்பக்கம்.

நண்பன் வந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. டூல் பெட்டியிலிருந்து வெள்ளை பெயின்ட் பேனாவை எடுத்து, நான் குமிழைக் காய்ந்த தரை நிலைக்குத் திருப்பும் வரை காத்திருந்து, குமிழின் மேல் ஒரு கோடும் டேஷ்போர்டில் அதற்கு நேராக ஒரு கோடும் போட்டான். பக்கத்தில் சிறிதாகச் சுற்று எண்ணிக்கை எழுத ஒரு டேப் ஒட்டினான். இப்போதெல்லாம் உட்கார்ந்ததும் முதலில் அந்த டேப்பைத்தான் பார்க்கிறேன், அப்புறம்தான் பெல்ட்.